கராத்தேயில் கட்டா எதற்காக, அதை எப்படிப் பயில வேண்டும்?

கேள்வி
எழுதியவர்: பச்சை பெல்ட்

வணக்கம். நான் ஷோட்டோகான் கராத்தே பயில்கிறேன். வேலை, குடும்பம் என்றான பிறகு வகுப்பில் சேர்ந்தவன் என்பதால் என்னுடன் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பள்ளிச் சிறுவர்கள். மாஸ்டர் சொன்னதை அவர்கள் அப்படியே செய்துவிடுகிறார்கள். எனக்கோ ஒன்றைச் செய்வதற்கான காரணம் தெரிந்தால்தான் உடம்பு ஒத்துழைக்கிறது. இப்போது ஹெய்யான் என்னும் ஐந்து கட்டாக்களில் நான்காவதான ஹெய்யான் யோண்டான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

என் ஐயம் கட்டாவை, அதாவது தனியாளாக நின்று குறித்த வரிசையில் செய்யும் அசைவுத் தொடரைப் பற்றியது. வகுப்பில் பாதி நேரம் கட்டாவுக்கே போகிறது. கிரேடிங் என்னும் பெல்ட் தேர்வு நெருங்கும் மாதத்தில் முழு நேரமும் போய்விடுகிறது. ஆனால் கடைசியில் இருவர் மோதிப் பயிலும் குமிதே தொடங்கியதும், அதுவரை பயின்ற எதையும் எவரும் செய்வதில்லை. கட்டாவில் ஒரு கை குத்தும்போது மற்றக் கையை இடுப்புக்கு இழுத்து வைக்கிறோம்; குமிதேயில் அப்படி வைத்தால் முகம் திறந்து கிடக்கிறது என்று கண்டிக்கப்படுகிறோம். கட்டாவில் ஜென்குட்சு தாச்சி என்னும் நிலையில் முன்காலை நன்றாக மடித்துத் தாழ்ந்து நிற்கிறோம். குமிதேயில் அப்படி நிற்பவர் நகர்வதற்குள் அடி விழுந்துவிடுகிறது.

கட்டாவில் நான்கு பக்கமும் எதிரிகள் நிற்பதாக நினைத்துக்கொண்டு செய்ய வேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அப்படியானால் ஒருவனை ஒரு தடுப்பாலும் ஒரு குத்தாலும் முடித்துவிட்டு, அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி இன்னொருவனை எதிர்கொள்கிறோம் என்று பொருள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய ஆசிரியர்களும் இப்படித்தான் நினைத்துப் பயின்றார்களா? கட்டாவின் உண்மையான நோக்கம் என்ன? வீட்டில் தனியாகப் பயில்வதற்கு எனக்குக் கிடைக்கும் சிறிது நேரத்தை எப்படிச் செலவிட வேண்டும்? நீண்ட காலம் பயின்றவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1
எழுதியவர்: சுரி வழி

நண்பரே, இந்தக் கேள்விக்கு விடை காண, கராத்தே தோன்றிய ஒகினாவாத் தீவின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இன்று நாம் வகுப்பில் காணும் கட்டாப் பயிற்சி, அதாவது வரிசையாக நின்று ஆசிரியர் எண்ணிக்கை சொல்ல அனைவரும் ஒரே நேரத்தில் அசைவது, கராத்தேயின் பழைய முறை அன்று. அது பள்ளிக்கூடத்துக்காக உருவான முறை.

அதற்கு முன்பு சுரி, நாஹா, தொமாரி ஆகிய ஊர்களில் ஓர் ஆசிரியரிடம் மிகச் சில மாணவர்களே பயின்றார்கள். ஒருவருக்குத் தெரிந்த கட்டாக்களின் எண்ணிக்கையும் குறைவு. உவேச்சி கான்பூன் சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் கற்று வந்து பயிற்றுவித்தவை சான்சின், செய்சான், சான்செய்ரியூ என்னும் மூன்று கட்டாக்கள் மட்டுமே. நீங்கள் பயிலும் ஷோட்டோகானின் முதல்வரான ஃபுனாகோஷி கிச்சின், இன்று தெக்கி என்று வழங்கும் மூன்று நைஹான்ச்சி கட்டாக்களுக்கு மட்டும் தமக்குப் பத்தாண்டுகள் ஆயின என்று எழுதியிருக்கிறார். ஒரு கட்டாவுக்கு மூன்றாண்டு என்பது அக்காலத்து வழக்கு. அத்தனை ஆண்டுகள் அசைவுகளின் வரிசையை மனப்பாடம் செய்வதற்குத் தேவைப்பட்டிருக்க முடியாது. இருபது, முப்பது அசைவுகளின் வரிசையை ஒரு சிறுவன் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடுவான். ஒவ்வோர் அசைவையும் ஆசிரியரின் உடம்பிலும் உடன் பயில்பவரின் உடம்பிலும் செய்து பார்த்து, அது எந்தப் பிடிக்கு விடை, எந்த நெருக்கத்தில் செல்லும், தவறினால் அடுத்து என்ன செய்வது என்பதைக் கற்கவே அந்தக் காலம் செலவாயிற்று என்று நான் கருதுகிறேன்.

1879இல் ஒகினாவாவை ஆண்ட ரியூக்யூ அரசு முடிவுக்கு வந்து ஒகினாவா ஜப்பானின் ஒரு மாவட்டமான பிறகு நிலைமை மாறியது. சுரியின் கராத்தே ஆசிரியரான இதோசு ஆங்கோ 1901ஆம் ஆண்டு வாக்கில் சுரியிலுள்ள தொடக்கப் பள்ளியிலும், 1905இல் நடுநிலைப் பள்ளியிலும் கராத்தேயைக் கொண்டுசேர்த்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று அவர் தொகுத்தவையே பின்னான் என்னும் ஐந்து கட்டாக்கள். கூசான்கு போன்ற பழைய பெரிய கட்டாக்களின் பகுதிகளை அவற்றில் தெளிவாகக் காணலாம். ஃபுனாகோஷி பின்னர் அவற்றை ஹெய்யான் என்று பெயர் மாற்றி, முதல் இரண்டின் வரிசையையும் மாற்றி வைத்தார். ஆகவே உங்கள் ஹெய்யான் ஷோடான் எங்கள் வகுப்பில் பின்னான் நிடான்.

இதோசு 1908இல் பத்துக் குறிப்புகள் கொண்ட ஒரு கடிதம் எழுதினார். கராத்தே பயின்ற இளைஞர்கள் படைக்கும் நாட்டுக்கும் பயன்படுவார்கள் என்பது அதில் அவர் முன்வைக்கும் வாதங்களுள் ஒன்று. அது அக்கால அரசியல். இங்கே அதற்குள் போக வேண்டாம். உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பயன்படுவது வேறொரு குறிப்பு. ஒன்றைப் பயிலும் முன்பே அதை உடலை வளர்ப்பதற்காகப் பயில்கிறோமா, பயன்படுத்துவதற்காகப் பயில்கிறோமா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று அவர் அதில் சொல்கிறார். நுழைதல், ஏற்றல், விடுவித்தல், பிடித்தல் ஆகியவற்றுக்கு முறைகள் உண்டென்றும், அவை பெரும்பாலும் வாய்வழியாகவே சொல்லித் தரப்படுவன என்றும் அதே கடிதத்தில் குறிப்பிடுகிறார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் போய்ச்சேர்ந்தது உடலை வளர்க்கும் பகுதி. பிடியும் முறிப்பும் கழுத்தில் விழும் அடியும் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லித் தரக்கூடியவை அல்ல என்று அவர் கருதியிருந்தால் அதில் குற்றம் காண முடியாது.

நம் இலக்கணப் படிப்பில் நூற்பாவும் உரையும் எப்படியோ, அப்படித்தான் கட்டாவும் வாய்வழி விளக்கமும். சுருக்கமாக, மனத்தில் நிற்பதற்காகக் கட்டப்பட்டது நூற்பா. ஆசிரியர் உரை சொன்னால்தான் அது திறக்கும். 1922இல் ஃபுனாகோஷி தோக்கியோ சென்ற பிறகு பல்கலைக்கழகங்களில் பெருங்கூட்டமாகப் பயின்ற மாணவர்கள் நூற்பாவை மிகச் சிறப்பாக ஒப்பித்தார்கள். உரை அவர்களுள் பலருக்குக் கிடைக்கவில்லை. உலகெங்கும் பரவியது அந்த வடிவமே. உங்கள் வகுப்பில் நீங்கள் உணரும் இடைவெளி அங்கிருந்து வருவது.

பதில் 2
எழுதியவர்: மாலை வகுப்பு

மேலே உள்ள வரலாற்றோடு எனக்கு உடன்பாடு உண்டு. நான் பயிற்சித் தளத்தில் நின்று பேசுகிறேன். கேள்வி கேட்டவர் மூன்று இடர்ப்பாடுகளைச் சொல்கிறார்: இடுப்புக்குப் போகும் கை, தாழ்ந்த நிலை, முதுகைக் காட்டும் திருப்பம். மூன்றுக்கும் விடை ஒன்றே. குமிதே ஆடும் தூரமும் கட்டா பேசும் தூரமும் வேறு வேறு. போட்டிக் குமிதேயில் இருவரும் எட்டி நின்று, உள்ளே பாய்ந்து, அடித்து விலகுகிறார்கள். பிடித்து இழுப்பதற்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு உண்டு. கட்டாவோ ஒருவன் உங்கள் மணிக்கட்டையோ சட்டையையோ கழுத்தையோ பிடித்துவிட்ட பிறகு நடப்பதைப் பேசுகிறது.

ஹெய்யான் ஷோடானையே எடுத்துக்கொள்வோம். இடப்புறம் திரும்பிக் கெடான் பராய் என்னும் கீழ்த்தடுப்பு, ஓர் அடி முன்வைத்துக் குத்து. பின்பு வலம் சுற்றி எதிர்ப்புறம் திரும்பி மீண்டும் கெடான் பராய். இது மூன்றாவது அசைவு. நான்காவது அசைவில் மட்டும் ஒரு வேறுபாடு வருகிறது. முன்னே இருக்கும் வலக்காலைப் பின்னுக்கு இழுத்து நிமிர்கிறோம். அதே வேளையில் வலக்கை இடத்தோள் பக்கமாகப் பெரிய வட்டமிட்டு மேலேறி, முஷ்டியின் அடிப்பக்கம் கீழே விழும்படி இறங்குகிறது. டெட்சுய் என்போம். அதுவரை எல்லாம் இடமும் வலமும் ஒத்துச் சென்றுகொண்டிருக்க, இது மட்டும் ஏன் இடையில் வருகிறது? கெடான் பராய் செய்து நீட்டிய கையின் மணிக்கட்டை எதிராளி பிடித்துவிட்டான் என்பதே இதற்குப் பெரும்பாலோர் தரும் விளக்கம். என் அனுபவத்தில் அது சரியாகவும் பொருந்துகிறது.

இதை ஒருவரோடு செய்து பாருங்கள். அவர் உங்கள் மணிக்கட்டை இறுகப் பிடிக்கட்டும். காலை அசைக்காமல் கையை மட்டும் பிடுங்க முயன்றால், அவர் உங்களைவிட வலிமையானவராக இருக்கும் பட்சத்தில் கை வராது. இப்போது கட்டாவில் உள்ளபடி முன்காலைப் பின்னுக்கு இழுங்கள். உங்கள் எடை முழுவதும் அந்தப் பிடியின் மேல் விழுகிறது. அவருடைய முழங்கை நீண்டு, தோள் முன்னே வந்துவிடுகிறது. அந்த நொடியில் கை வட்டமாகச் சுழலும்போது, அவருடைய கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையிலுள்ள திறப்பின் வழியே உங்கள் மணிக்கட்டு வெளியே வரும். பிடியில் வலுக்குறைந்த இடம் அதுதான். மேலேறிய முஷ்டி இறங்கும் இடத்தில் முன்னே சாய்ந்த அவருடைய முன்கையோ காறை எலும்போ இருக்கும். இழுக்கும் கால், சுழலும் கை, விழும் முஷ்டி ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு செயல். காலை இழுக்க மறந்துவிட்டுக் கையை மட்டும் அழகாகச் சுழற்றும் மாணவர்களைப் பார்க்கும்போது, இந்த அசைவு எதற்கென்று அவர்களுக்கு எவரும் பிடித்துக் காட்டவில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

இடுப்புக்கு இழுக்கும் கைக்கு ஹிக்கிதே என்று பெயர். அது வெறுங்கையாக இருந்தால் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. முகத்தைத் திறந்து போடுவதைத் தவிர அதனால் பயனில்லை. ஆனால் அந்தக் கையில் எதிராளியின் மணிக்கட்டோ சட்டைக்கையோ இருப்பதாகக் கொள்ளுங்கள். அவனை இழுத்து நிலைகுலைத்துக்கொண்டே மறுகை குத்துகிறது. குமிதேயில் உங்கள் கையில் எதுவும் இல்லாதபோது அதே கையை முகத்தருகே வைக்கச் சொல்லும் உங்கள் ஆசிரியர் தமக்குத் தாமே முரண்படவில்லை. தாழ்ந்த நிலையும் இப்படித்தான்: அது நின்றுகொண்டிருப்பதற்கான நிலை அன்று, பிடித்தவனை இழுக்கும்போதோ தள்ளும்போதோ எடையை இறக்கும் கணத்தின் வடிவம்.

திருப்பங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எட்டுத் திசைகளில் நகரும் கட்டா எட்டுப் பேரோடு சண்டையிடுவதற்கானது என்பது போன்ற விளக்கங்களை ஷிட்டோ-ரியூவைத் தோற்றுவித்த மபுனி கென்வா 1930களிலேயே மறுத்திருக்கிறார். ஒகினாவாவின் மிகப் பல கட்டாக்களை ஒரே ஆளாகத் திரட்டியவர் அவர் என்பதால் அந்தக் கருத்துக்கு எடை அதிகம். எதிராளி ஒருவனே; திசை மாறுவது அவனோடு ஒப்பிட நீங்கள் நிற்கும் கோணம். முன்னிருந்து வருபவனை நேருக்கு நேர் எதிர்கொள்ளாமல் அவன் பக்கவாட்டுக்குச் செல்லுங்கள் என்பதைத் தனியாகச் செய்யும் பயிற்சியில் வேறு எப்படிக் குறிக்க முடியும்? சுற்றித் திரும்பும் இடங்கள் சிலவற்றில், பிடித்த கையோடு எதிராளியைச் சுழற்றி விழச்செய்யும் வீச்சு இருக்கிறது. மொதோபு சோகி தம் காலத்தில் நேரடிச் சண்டைகளுக்குப் பெயர் பெற்றவர். அவர் முதன்மையாகக் கொண்ட கட்டா நைஹான்ச்சி. அது ஒரே நேர்கோட்டில் இடமும் வலமும் மட்டுமே நகர்வது. ஆகவே இருபுறமும் நிற்கும் இருவரோடு சண்டை என்று அதற்கு விளக்கம் சொல்வோர் உண்டு. ஆனால் அதன் உள்ளே இருப்பவை உள்ளங்கையில் பிடித்த தலை மீது விழும் முழங்கை, காலைத் தட்டிவிடும் பாதம், குறுகிய குத்து. இவையெல்லாம் மூச்சுக்காற்று படும் நெருக்கத்தில் ஒருவனிடம் செய்யக்கூடியவை.

பதில் 3
எழுதியவர்: முழுத்தொடு களம்

மரியாதையுடன் மாறுபடுகிறேன். நான் உடலில் முழு வலிமையோடு அடிக்கும் முழுத்தொடு கராத்தேயில் பல காலம் சண்டையிட்டவன். என் பார்வையில், சண்டையிடக் கற்பதற்குக் கட்டா தேவையில்லை. குத்துச்சண்டை வீரர் பையிலும் பேடிலும் எதிராளியிடமும் பயில்கிறார். எந்தக் கட்டாவும் இல்லாமல் அவருடைய கை நம் கையைவிட நன்றாக வேலை செய்கிறது. ஜூடோவில் கட்டா உண்டு. ஆனால் அங்கே அது இருவர் சேர்ந்து செய்வது. எறிபவரும் விழுபவரும் கண்ணெதிரே இருப்பதால் அசைவின் பொருள் தொலைந்துபோக வழியில்லை. அதற்கும் மேலாக, ஜூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோ எதிர்ப்போடு செய்யும் ராண்டோரியை ஜூடோ பயிற்சியின் நடுவில் வைத்தார். கராத்தேயில் நாம் ஒற்றை ஆளின் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபாதியைக் கற்பனை செய்கிறோம்.

ஃபுனாகோஷியின் இருபது நெறிகளில் ஒன்று, கட்டாவைச் சரியாகச் செய்ய வேண்டும், உண்மைச் சண்டை வேறு என்று சொல்கிறது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன். புங்காய் என்ற பெயரில் இன்று சொல்லப்படும் விளக்கங்கள் பலவற்றில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒரு கையசைவைக் காட்டி இது கழுத்துப் பிடி என்று ஒருவரும், தோள் முறிப்பு என்று இன்னொருவரும், கத்தியைத் தடுப்பது என்று மூன்றாமவரும் சொல்கிறார்கள். எதிராளி ஒரே ஒரு குத்தைக் குத்திவிட்டுக் கையை நீட்டியபடியே சிலைபோல நிற்க, அவன் மேல் ஐந்து நுட்பங்கள் நடக்கின்றன. எந்த அசைவுக்கும் எந்தப் பொருளையும் சொல்லிவிட முடியுமென்றால், அந்த அசைவு எதையும் பாதுகாத்து வைத்திருக்கவில்லை என்றுதானே ஆகிறது?

போட்டிகள் இதை இன்னும் தொலைவுக்குக் கொண்டுபோய்விட்டன. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் ஒகினாவாவின் கியூனா ரியோ நிப்போன் புதோக்கான் அரங்கில் ஓஹான் தாய் என்னும் கட்டாவைச் செய்து தங்கம் வென்றதை நான் பார்த்தேன். ஒகினாவாவைச் சேர்ந்த ஒருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அந்த உடலின் வேகமும் நிலைத்தன்மையும் என்னைக் கண்கலங்க வைத்தன. ஆனால் அங்கே தனிநபர்களுக்கு மதிப்பெண் போடப்பட்டது நுட்பத்துக்கும் உடல்திறனுக்கும். எதிரில் ஓர் ஆள் இருந்தால் இது செல்லுமா என்பதைச் சோதிக்கும் இடம் அந்த முறையில் இல்லை. பயன்பாட்டைச் செய்துகாட்டுவது குழுக் கட்டாவின் பதக்கச் சுற்றில்தான் வருகிறது. அதுவும் ஒத்திகை பார்த்த காட்சி. நம் ஊர்ப் போட்டிகளிலும் பிள்ளைகள் தாழ்ந்த நிலையை வேண்டுமென்றே நீட்டிப் பிடிப்பதும், உடையின் சத்தம் கேட்கும்படி கையை வீசுவதும் நடுவரின் கண்ணுக்காகவே. கேள்வி கேட்ட நண்பர் குமிதேயில் முன்னேற விரும்பினால், குமிதே செய்யட்டும் என்பதே என் பதில்.

பதில் 4
எழுதியவர்: நாஹா வழி

முழுத்தொடு களம் அவர்கள் சொன்னவற்றில் ஒன்றை முழுமையாக ஏற்கிறேன். எதிர்ப்பில்லாமல் காட்டப்படும் புங்காய் நம்பத்தக்கதன்று. ஆனால் எந்தப் பொருளையும் சொல்லிவிடலாம் என்பது பேச்சளவில்தான் உண்மை. பிடித்துப் பார்த்தால் பெரும்பாலான விளக்கங்கள் அங்கேயே உதிர்ந்துவிடும். எங்கள் கோஜு-ரியூவில் சாய்ஃபா என்று ஒரு கட்டா உண்டு. குறுக்கே ஓர் அடி முன்வைத்து, வலக்கை முஷ்டியை இடக்கையால் பொத்தி, முழங்கையோடு பக்கவாட்டில் இழுத்து, உடனே புறங்கையால் அடிப்பது அதன் தொடக்கம். இதற்குப் பல விளக்கங்களைக் கேட்டிருக்கிறேன். நன்றாகப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் எதிரில் நின்றபோது நின்றுபிடித்தவை மணிக்கட்டுப் பிடியை முழங்கையின் வலுவால் உடைப்பதை ஒட்டியவை மட்டுமே.

நான் சேர்க்க விரும்புவது வேறொன்று. எல்லாக் கட்டாவும் சண்டை நுட்பங்களின் தொகுப்பு அல்ல. சான்சினை அப்படிப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். அதில் சில அடிகள், சில குத்துகள், கடைசியில் வட்டமான கைத்தடுப்பு, அவ்வளவுதான். நாஹாவின் பழைய ஆசிரியரான ஹிகாவோன்னா கான்ரியோவிடம் மாணவர்கள் வேறு எதையும் தொடுவதற்கு முன்பு நெடுங்காலம் இதையே செய்தார்கள். அவருடைய மாணவரும் கோஜு-ரியூவைத் தோற்றுவித்தவருமான மியாகி சோஜுன் அதை மூடிய முஷ்டியோடு பயிற்றுவித்தார். சான்சின் உடம்பைச் செய்யும் கட்டா: முன்பாதம் சற்று உள்நோக்கித் திரும்பியிருக்கும், முழங்கால்கள் நெகிழ்ந்து உள்பக்கமாக இறுகும், இடுப்பெலும்பு கீழிருந்து மடங்கி முதுகு நேராகும், முழங்கை உடலைவிட்டு ஒரு முஷ்டி தூரத்துக்கு மேல் விலகாது, மூச்சு அடிவயிற்றிலிருந்து போய் வரும். ஆசிரியர் சுற்றி வந்து தோளையும் தொடையையும் விலாவையும் தட்டிப் பார்ப்பதை ஷிமே என்பார்கள்.

புதியவர்களிடம் நான் முதலில் பார்ப்பது தோளை. குத்தும் கை மெதுவாக நீளும்போது தோள் காதை நோக்கி ஏறும். ஏறிவிட்டால் கைக்கும் முதுகுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. நீட்டிய முஷ்டியின் மேல் என் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினால் அவர் பின்னுக்குச் சரிவார். தோளை இறக்கி, அக்குளை இறுக்கச் சொல்லிவிட்டு மீண்டும் அழுத்தினால், அதே அழுத்தம் அவருடைய பின்காலில் போய் இறங்குவதை அவரே உணர்வார். இதைக் குத்துப்பையில் கற்க முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேகமும் பதற்றமும் இல்லாத இடத்தில் ஒரே ஒரு தொடர்பைத் தனியே பிரித்துப் பழகுவதற்குச் சான்சினைப் போல் ஒன்றை நான் இதுவரை காணவில்லை. ஓர் எச்சரிக்கையும் வேண்டும்: மூச்சை அடக்கித் தொண்டையை இறுக்கி முக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். அழுத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கடும் இறுக்கத்தோடு சான்சின் செய்யக் கூடாது. மற்றவர்களும் மூச்சை ஓடவிட்டே செய்ய வேண்டும்.

குத்துச்சண்டை ஒப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. குத்துச்சண்டையில் பழகும் நுட்பங்களைக் கையுறையோடு ஓரளவு முழு வலிமையில் செய்து பழகலாம். கழுத்தைத் திருகுவதையும் முழங்கையை முறிப்பதையும் கண்ணை நோக்கி விரல் நீட்டுவதையும் உடன் பயில்பவரிடம் முழு வேகத்தில் செய்ய வழியில்லை. அவருடன் மெதுவாக, பாதியில் நிறுத்திச் செய்கிறோம். முழு வேகத்தில், நிறுத்தாமல் செய்து பார்ப்பதற்குக் கிடைக்கும் ஒரே இடம் வெற்றுவெளி. தனியாகச் செய்யும் கட்டா அந்த இடத்தை நிரப்புகிறது.

கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: பச்சை பெல்ட்

அனைவருக்கும் நன்றி. ஹெய்யான் ஷோடானின் நான்காவது அசைவை என் தம்பியை வைத்துச் செய்து பார்த்தேன். அவன் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவன். கையால் மட்டும் விடுவிக்க முயன்றபோது நான் என்ன செய்தும் பிடி விடவில்லை. காலை இழுத்தபோது விட்டது. ஆனால் மறுமுறை அவன் பிடித்ததும் கூடவே முன்னே வந்து தள்ளினான். அப்போது நான் தடுமாறிப்போனேன். இதற்கு விடை கட்டாவில் இருக்கிறதா? மேலும், கிரேடிங்குக்காக எல்லா ஹெய்யான் கட்டாக்களையும் நினைவில் வைத்திருக்க வேண்டிய நான், வீட்டில் எதை, எவ்வளவு செய்வது? கூடத்தில் ஐந்தாறு அடிக்கு மேல் நேராக நடக்க இடமில்லை.

பதில் 5
எழுதியவர்: மாலை வகுப்பு

உங்கள் தம்பி உங்களுக்கு மிக நல்ல உதவி செய்திருக்கிறார். பிடித்தவன் சும்மா நிற்க மாட்டான். தள்ளுவான், அல்லது மறுகையால் அடிப்பான். அவன் தள்ளும்போது நேர் பின்னே இழுத்தால் அவனுக்கு நீங்களே வழிவிடுகிறீர்கள். முந்தைய அசைவான திருப்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். அவன் தள்ளும் கோட்டிலிருந்து விலகி, திரும்பிக்கொண்டே காலை இழுத்தால், அவன் தள்ளும் வேகமே அவனை உங்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். ஆகவே ஓர் அசைவை மட்டும் தனியே வெட்டியெடுத்துப் பார்க்காமல், அதற்கு முந்தியதையும் பிந்தியதையும் சேர்த்து மூன்று மூன்றாகப் பயிலுங்கள். முதலில் அவர் பிடி மட்டும். அது எளிதானதும் பிடித்துத் தள்ளல். அதன்பின் பிடித்தபடி மறுகையால் மெதுவான குத்து. எதிர்ப்பு கூடும்போது உங்கள் வட்டம் தானாகவே சிறியதாகும், நிலை உயரும். அதைத் தவறு என்று எண்ண வேண்டாம். தனியாகச் செய்யும்போது மீண்டும் பெரிய வட்டத்துக்கே திரும்புங்கள்.

வீட்டுப் பயிற்சிக்கு ஒரு கட்டாவை மட்டும் தேர்ந்தெடுத்து, குறைந்தது அடுத்த கிரேடிங் வரை அதை மாற்றாதீர்கள். மற்றவற்றை வாரம் ஒருமுறை ஓட்டிப்பார்த்தால் நினைவில் நிற்கும். இடம் குறைவு என்பதால் தெக்கி ஷோடான் உங்களுக்கு நல்ல துணையாகும். பக்கவாட்டில் சில அடிகளே வேண்டும். அதைக் கற்கும் தகுதி இன்னும் வரவில்லை என்று உங்கள் மாஸ்டர் கருதினால், ஹெய்யானையே அடியெடுத்து வைத்த இடத்தில் பின்னங்காலைத் திரும்ப இழுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே செய்யலாம். ஒருமுறை மிக மெதுவாக, மூச்சை மட்டும் கவனித்துச் செய்யுங்கள். அடுத்த முறை, மனத்துக்குள்ளும் எண்ணிக்கை சொல்லாமல் செய்யுங்கள். எண்ணிக்கைக்குச் செய்து பழகியவர்களுக்கு ஒவ்வோர் அசைவும் சம இடைவெளியில் விழுகிறது. உண்மையில் சில அசைவுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை, சிலவற்றின் இடையே நிற்க வேண்டும். தொடங்கும் திசையை மாற்றிச் செய்வதும் நல்லது. வழக்கமாகப் பார்க்கும் சுவர் இல்லாதபோது எத்தனை பேர் திருப்பத்தில் குழம்புகிறார்கள் என்று வகுப்பில் கண்டிருக்கிறேன். பளிங்குத் தரையில் காலுறையோடு செய்யாதீர்கள். திரும்பும்போது பாதம் நகராமல் முழங்கால் மட்டும் முறுக்கினால் மூட்டு கெடும்.

விளக்கங்களைப் பற்றி உங்கள் மாஸ்டரிடம் வகுப்பு நடுவே கேட்காமல், முடிந்த பிறகு தனியே கேளுங்கள். வரிசையில் நாற்பது பிள்ளைகள் நிற்கும்போது அவரால் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக் காட்ட முடியாது. கிரேடிங்கில் வடிவத்தை அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

ஹெய்யான் யோண்டானில் எங்கே தொடங்குவது என்று கேட்டால், கடைசிப் பகுதியைச் சொல்வேன். இரு கைகளையும் உயர நீட்டி, கீழே இழுத்துக்கொண்டே முழங்காலைத் தூக்கும் இடம் உங்களுக்குத் தெரியும்; கியாய் என்னும் முழக்கம் இரண்டாம் முறை அங்கேதான் வரும். தலையையோ கழுத்தையோ இரு கைகளாலும் பிடித்து இழுத்து முழங்காலால் அடிப்பது என்பதில் அநேகமாக எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். தம்பியின் கழுத்தை நேராகப் பிடித்து இழுக்க வேண்டாம். அவர் இரு தோள்களின் மேலும் கைகளை வைத்து, உங்கள் முழங்கைகளை அவருடைய மார்போடு ஒட்டி, உடல் எடையால் கீழே இறக்குங்கள். அவர் வயிற்றின் முன்னால் ஒரு கிக் பேடை இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளட்டும். முழங்கால் பேடில் படட்டும். கைகள் இழுத்து முடித்த பிறகு முழங்கால் எழுந்தால் அவர் நிமிர்ந்துவிடுவார். இரண்டும் ஒரே கணத்தில் சந்திக்கும் வரை மெதுவாகவே செய்யுங்கள். அதன் பிறகு அவரை நிமிரவும் பின்வாங்கவும் முயலச் சொல்லிச் செய்து பாருங்கள்.